பிறர் கடிதம் கேட்டல்

கடிதம் ஒருவர் ஒருவருக்கு எழுதுவது. நாவலோ ஒருவர் முகமறியாப் பலருக்கு எழுதுவது. இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்துக் கதை முழுவதையும் கடிதங்களாலேயே சொல்லும் முறை பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிற் பெருவழக்காயிற்று. இங்கிலாந்தில் ரிச்சட்சன் 1740இல் 'பமீலா'வையும், அதனைத் தொடர்ந்து 'கிளறிசா'வையும் இம்முறையில் எழுதினார். பிரான்சில் ரூசோவின் 'ஜூலி' 1761இல் வெளிவந்தது. தமிழில் மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' இவ்வகையைச் சார்ந்தது. இலக்கிய வரலாறு எழுதுவோர் இதனை ஓர் உத்தி எனக் குறிப்பிட்டு அப்பாற் செல்வர். பல்கலைக்கழகத்தில் நாமும் அவ்வாறே படித்தோம். ஆயின், உத்தி என்ற சொல்லினுள் அடங்காத வினா ஒன்று இங்கே உண்டு. பிறருக்கு எழுதப்பட்ட கடிதத்தை நாம் எந்த உரிமையுடன் அறிந்துகொள்கின்றோம்?

கண்ணால் வாசிக்கும்போது இவ்வினா எழுவதில்லை. அச்சிட்ட தாள் அதனை மறைத்துவிடுகின்றது. அதே கடிதத்தை ஒரு மனிதக் குரல் எமது காதருகே சொல்லும்போது நிலைமை மாறுகின்றது. தாஸ்தயேவ்ஸ்கியின் முதல் நாவலை ஒலிப்பதிவிற் கேட்ட நாட்களில் நான் இதனை உணர்ந்தேன். நான் கற்பிக்கும் பாடசாலை மலைச்சரிவில் உள்ளது. காலையும் மாலையும் பஸ்ஸிற் செல்லும் நேரத்தில், கைத்தொலைபேசியில் அந்த ஆங்கில மொழிபெயர்ப்பைச் சிறிது சிறிதாகக் கேட்டு முடித்தேன். பல ஆண்டுகளுக்கு முன்னரே அதனை வாசித்திருந்தேன். கேட்டபோது அது வேறொரு நூலாக இருந்தது.

'ஏழை மக்கள்' எனத் தமிழிற் சொல்லத்தக்க அந்நாவல் 1846இல் பீட்டர்ஸ்பேர்க் நகரில் வெளிவந்தது. மக்கார் தேவுஷ்கின் அரசாங்க அலுவலகம் ஒன்றிற் பத்திரங்களைப் பார்த்து நகல் எழுதும் எழுதுவினைஞர். பதினேழாவது வயதிற் பணியிற் சேர்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைக் கழித்தவர். ஒரு விடுதியின் சமையலறையிலே தடுப்பு வைத்து மறைக்கப்பட்ட மூலை அவரது இருப்பிடம். முற்றத்திற்கு அப்பால் எதிர்வீட்டில் இருப்பவள் வர்வாரா. தூரத்து உறவினள், தாய் தந்தையரை இழந்தவள், தையல் வேலை செய்து பிழைப்பவள். ஏப்பிரில் 8ஆம் திகதி தொடங்கிச் செப்டெம்பர் இறுதிவரை இருவரும் கடிதம் எழுதிக்கொள்கின்றனர். சாளரத்தினூடாக ஒருவரையொருவர் பார்க்கக்கூடிய தொலைவில் வாழ்பவர்கள் ஏன் எழுதவேண்டும்? சென்று பேசினால் ஊர் பழிக்கும். அன்றியும், பேச்சிற் சொல்லமுடியாத ஒன்றை எழுத்திற் சொல்லலாம் என்ற ஆவல் தேவுஷ்கினுக்கு இருக்கின்றது. முப்பது ஆண்டுகளாகப் பிறர் சொற்களை நகல் செய்து வந்த கை அது. அக்கை தன் சொந்தச் சொற்களை எழுதியது இக்கடிதங்களில் மாத்திரமே.

காதாற் கேட்கும்போது முதலிற் புலப்படுவது விளியும் கையொப்பமும். வாசிக்கும்போது கண் அவற்றைத் தாண்டி ஓடிவிடும். செவிக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு கடிதமும் ஓர் அழைப்புடன் தொடங்கி ஒரு பெயருடன் முடிகின்றது. ரஷ்ய மூலத்தில் தேவுஷ்கின் அப்பெண்ணை 'மாத்தச்கா' என்று மீண்டும் மீண்டும் அழைப்பார். தாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த செல்ல விளி அது. ஆங்கிலத்தில் அது செயற்கையாகத் தோன்றலாம். பெற்ற மகளையும் அயல்வீட்டுச் சிறுமியையும் 'அம்மா' என்றழைக்கும் எமக்கு அது அந்நியமன்று. கடிதத்தின் முடிவில் 'மக்கார் தேவுஷ்கின்' என்று தன் பெயரைச் சொல்லும்போது, இடாப்பிற் பெயர் கூப்பிடப்பட்ட மாணவன் எழுந்து நிற்பதுபோல அம்மனிதர் எழுந்து நிற்கின்றார். அலுவலகத்தில் அவர் எழுதிய எந்தத் தாளிலும் இறுதியிற் கையொப்பம் இடும் உரிமை அவருக்கு இருந்ததில்லை என்பதும் அப்போது நினைவுக்கு வருகின்றது.

இரண்டாவதாகப் புலப்படுவது பொய். ஏழையின் கடிதத்திலே உள்ள பொய்யைச் செவி விரைவில் அறிந்துகொள்கின்றது. அந்தச் சமையலறை மூலையைத் தாம் வசதி கருதியே தெரிந்தெடுத்ததாகத் தேவுஷ்கின் எழுதுகின்றார். அங்கிருந்து அவளது சாளரம் தெரியுமாம். அந்த விடுதியில் தேநீர் அருந்தாமலிருப்பது வெட்கம் என்றும், ஆகவே பிறருக்காகவே, தோற்றத்திற்காகவே, தேநீர் குடிக்கவேண்டியுள்ளது என்றும் எழுதுகின்றார். (நாவல் எழுதப்பட்ட காலத்தில் எமது மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கவில்லை, கோப்பியே பயிரிடப்பட்டது. 1867இன் பின்னரே இங்கு தேயிலை வணிகப் பயிராயிற்று. ஆயினும் தேயிலையின் நடுவே பிறந்து வளர்ந்தவன் அந்த வரியைக் கேட்டுவிட்டு எளிதில் அகலமுடியாது.) தாளில் இது நகைச்சுவையாகத் தோன்றும். குரலிற் கேட்கும்போது, சொல்பவர் எவ்விடத்தில் மூச்சை அடக்குகின்றார், எதனை அவசரமாகச் சொல்லி முடிக்கின்றார் என்பதெல்லாம் தெரிந்துவிடுகின்றன.

இத்தகைய பொய்களை நான் சிறுவயதிலேயே அறிவேன். 1990களின் பிற்பகுதியில், எங்கள் தோட்டத்து லயத்திலே பக்கத்துக் காம்பராவில் இருந்த பெரியம்மாவுக்கு நானே கடிதம் வாசிப்பவன். அவருக்கு எழுத்து வாசனை இல்லை. மூத்த மகள் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தாள். லயக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரைத் தாங்கிவரும் கடிதங்கள் ஆபீசிற் கிடக்கும். யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. அவ்வாறு வந்துசேர்ந்த கடிதத்தை, பெரியம்மா மலையிலிருந்து இறங்கி முகம் கழுவிக்கொண்டு வந்த பின்னரே நான் பிரிக்கவேண்டும். முடித்ததும், "மொதல்ல இருந்து இன்னொரு தடவ படி தம்பி" என்பார். மகள் தன்னை அழைக்கும் அந்த முதல் வரியை மீண்டும் கேட்பதற்காகவே அவர் அவ்வாறு சொன்னார் என்று இப்போது எண்ணுகின்றேன். சம்பளம் கிடைக்கவில்லை என்ற செய்தி வரும் இடத்தில், "அத மட்டும் மெதுவா படிப்பா, பக்கத்துக் காம்பராவுல கேக்கும்" என்பார். எங்கள் லயத்திற் காம்பராக்களுக்கு இடையிலான சுவர் கூரையைத் தொடாது. பதில் எழுதும்போது, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே, "எனக்கு ஒடம்புக்கு ஒன்னுமில்லன்னு எழுது" என்பார். நான் எழுதுவேன். அங்கிருந்து வருவதும் அவ்வாறே இருந்திருக்கும். இரு பக்கத்திலும் பொய். இரு பக்கத்திலும் அப்பொய்யின் பொருள் அன்பு.

ஆகவே, தேவுஷ்கின் தமது தடுப்புச் சுவர் மூலையைப் புகழ்ந்து எழுதியதைக் கேட்டபோது, அந்நியர் ஒருவரின் கடிதத்தைக் கேட்கும் உணர்வு எனக்கு ஏற்படவில்லை. இதனைத் தனிமனித ஏக்கமாக மட்டும் கருதுதல் பொருந்தாது. வறுமை ஒருவருக்கு உணவையும் உடையையும் மாத்திரம் இல்லாமற் செய்வதன்று. மறைவிடத்தையும் இல்லாமற் செய்கின்றது. வசதி படைத்தவரின் துயரத்திற்குக் கதவுகள் உண்டு. ஏழையின் துயரம் எப்போதும் யாரோ ஒருவரின் செவிக்கு எட்டும் தூரத்திலேயே நடைபெறுகின்றது. தேவுஷ்கினின் கடிதங்களிலே பசியைக் காட்டிலும் அதிகமாக ஒலிப்பது, பிறர் பார்த்துவிடுவார்களே, கேட்டுவிடுவார்களே என்ற அச்சம். கோகோலின் 'மேலங்கி' என்ற கதையை வர்வாரா அவருக்கு வாசிக்கக் கொடுக்கின்றாள். ஓர் ஏழை எழுதுவினைஞனின் வாழ்வைச் சொல்லும் அந்தப் பெருங்கதை அவரைக் கோபங்கொள்ளச் செய்கின்றது. தமது பொந்துக்குள் யாரோ எட்டிப்பார்த்து எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக அவர் குமுறுகின்றார். தாஸ்தயேவ்ஸ்கி அந்தக் கோபத்தை மதித்தார். கோகோலின் எழுதுவினைஞனை ஆசிரியர் வெளியிலிருந்து வருணித்தார். அவனுக்குச் சொற்கள் அதிகம் இல்லை. தாஸ்தயேவ்ஸ்கியோ தமது எழுதுவினைஞரின் கையிற் பேனாவைக் கொடுத்துவிட்டுத் தாம் விலகிக்கொண்டார். கடித வடிவம் இங்கே ஓர் உத்தியாக அமையவில்லை. அது தேவுஷ்கினுக்கு அளிக்கப்பட்ட நீதி.

அந்த அச்சம் வீண் அச்சமும் அன்று. ஓகஸ்ட் மாதக் கடிதம் ஒன்றில் அது உண்மையாகிவிடுகின்றது. அதே விடுதியில் ரத்தஸ்யாயெவ் என்ற போலி எழுத்தாளர் ஒருவர் வாழ்கின்றார். தேவுஷ்கின் அவரைப் பேரறிஞர் என நம்பி மதிப்பவர். வர்வாராவுக்கு எழுதிய கடிதத்தின் முன்வரைவு ஒன்று தேவுஷ்கினின் சட்டைப் பையிலிருந்து தவறி விழுகின்றது. அன்று மாலை ரத்தஸ்யாயெவின் அறையில் அதனை உரத்து வாசித்து எல்லோரும் சிரிக்கின்றனர். எதிர்த்துக் கேட்ட தேவுஷ்கினுக்கு 'லவ்லேஸ்' என்ற பட்டம் சூட்டப்படுகின்றது. லவ்லேஸ் என்பவன் ரிச்சட்சனின் 'கிளறிசா'விலே வரும் வஞ்சகக் காமுகன். கடித நாவலின் வில்லன் பெயரைக் கொண்டே கடிதம் எழுதிய ஏழை ஒருவரை இழிவுசெய்கின்றனர். இலக்கிய அறிவு உள்ளவர்கள் செய்த வேலை அது என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

அந்தப் பகுதியைப் பஸ்ஸிற் கேட்டுக்கொண்டிருந்தபோது என்னால் மேலே கேட்கமுடியவில்லை, நிறுத்திவிட்டேன். எங்கள் பாடசாலையில் அதற்குச் சில நாட்களின் முன் ஒரு சம்பவம் நிகழ்ந்திருந்தது. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயும் வெளிநாட்டில் வேலை செய்பவர். இக்காலத்தில் அவர்கள் கடிதம் எழுதுவதில்லை. கைத்தொலைபேசியிற் குரற்செய்தி அனுப்புகின்றனர். வாசிக்கத் தெரிந்த சிறுவன் ஒருவனை இரந்து நிற்கவேண்டிய தேவை ஒழிந்தது. தாயின் குரலே வந்துவிடுகின்றது. ஆயின் குரல் பையிலிருந்து தவறி விழுவது காகிதத்திலும் எளிது. சம்பளமும் இன்றித் திரும்பி வரவும் வழியின்றித் தாய் அழுத செய்தியொன்று கைக்குக் கை மாறியது. இடைவேளையில் இரு பையன்கள் அந்த அழுகையைப் போல் அழுது காட்டினர். மாணவி பாடசாலைக்கு வரவில்லை.

விசாரணை நடைபெற்றது. எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. நான் செய்தது வேறொன்று. அடுத்த தமிழ்ப் பாடத்தில், ரத்தஸ்யாயெவின் அறையில் நடந்ததைச் சொல்லும் அக்கடிதத்தைத் தமிழாக்கி வகுப்பில் உரத்து வாசித்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. முதலிற் சிலர் சிரித்தனர்; அந்தப் பட்டப்பெயர் வேடிக்கையாக இருந்தது. கடிதம் தொடரத் தொடரச் சிரிப்பு நின்றது. தாமே அந்த அறையில் அமர்ந்திருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். வாசித்து முடித்த பின் எவரும் எதுவும் பேசவில்லை. அந்தப் பையன்கள் திருந்திவிட்டனர் என்று நான் கூறமாட்டேன். ஒரு கடிதம் அவ்வளவு விரைவில் எவரையும் திருத்துவதில்லை. அம்மாணவி மறுவாரம் வந்தாள். கதையைத் தோழியர் மூலம் அறிந்திருந்தாள். "சேர், அந்தப் பொண்ணு தூரத்துக்குப் போனதுக்குப் பொறவு கடிதம் போட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள். நாவலில் அதற்கு விடை இல்லை என்றேன்.

உரத்து வாசிப்பதே குற்றமா என்றால், அதற்கு விடை அந்நாவலின் வரலாற்றிலேயே உள்ளது. 1845ஆம் ஆண்டு மே மாத இறுதியில், இருபத்துமூன்று வயது இளைஞரான தாஸ்தயேவ்ஸ்கியின் கைப்பிரதியை அவருடன் தங்கியிருந்த கிரிகரோவிச் கவிஞர் நெக்ராசோவிடம் எடுத்துச் சென்றார். பத்துப் பக்கம் வாசித்துப் பார்ப்போம் எனத் தொடங்கினர். ஒருவர் களைத்தபோது மற்றவர் வாசிக்க, இரவு முழுவதும் நிறுத்தாமல் உரத்து வாசித்து முடித்தனர். மாணவன் பக்ரோவ்ஸ்கியின் பிரேத வண்டிக்குப் பின்னால், பைகளிலிருந்து மகனுடைய நூல்கள் சேற்றில் விழ விழ, வயோதிபத் தந்தை ஓடும் இடம் வந்தபோது நெக்ராசோவின் குரல் இடறியதாம். அதிகாலை நான்கு மணிக்கு இருவரும் ஆசிரியரின் அறைக்கே சென்று கதவைத் தட்டினர். தாஸ்தயேவ்ஸ்கி முப்பது ஆண்டுகளின் பின், 1877இல், இதனை நினைவுகூர்ந்து எழுதியுள்ளார். ஆகவே, இந்நாவல் அச்சேறுமுன்பே குரலில் வாழத் தொடங்கியது. ரத்தஸ்யாயெவின் அறையிலும் நெக்ராசோவின் அறையிலும் நடந்த செயல் ஒன்றே. ஏழை ஒருவரின் கடிதம் உரத்து வாசிக்கப்பட்டது. கேட்டவர்கள் வேறு.

அக்கைப்பிரதி அங்கிருந்து விமர்சகர் பெலின்ஸ்கியிடம் சென்றது. அவர் வியந்த இடம் பொத்தான் நிகழ்ச்சி. நகல் எழுதுகையிற் பிழைவிட்ட தேவுஷ்கின் உயரதிகாரியின் முன் அழைக்கப்படுகின்றார். அறுந்து தொங்கிய சட்டைப் பொத்தான் விழுந்து உருண்டு அதிகாரியின் காலடியிற் சென்று நிற்கின்றது. அதிகாரி மனமிரங்கி நூறு ரூபிள் கொடுத்துக் கையும் குலுக்குகின்றார். அந்தக் கைகுலுக்கல் பணத்திலும் பெரிதெனத் தேவுஷ்கின் உருகி எழுதுகின்றார். மேலோட்டமான வாசகன் இங்கே அதிகாரியின் கருணையைக் காண்பான். பெலின்ஸ்கியோ அந்த நன்றியுணர்விலேயே கொடுமையைக் கண்டார். மனிதன் என மதிக்கப்படும் ஒரு கணத்திற்காக மனிதன் இவ்வளவு நன்றி சொல்லவேண்டியிருப்பின், அவன் வாழும் சமுதாயம் எத்தகையது? இரக்கம் நின்றுவிடும் இடத்திலிருந்து விமர்சனம் தொடங்குகின்றது.

அந்தப் பெலின்ஸ்கியும் பின்னர் ஒரு கடிதம் எழுதினார். பண்ணையடிமை முறையையும் திருச்சபையையும் ஆதரித்துக் கோகோல் 1847இல் ஒரு நூல் வெளியிட்டார்; அதுவும் கடிதங்களாலான நூலே. அதனைக் கண்டித்துப் பெலின்ஸ்கி அவ்வாண்டு யூலை மாதத்திற் கோகோலுக்கு எழுதிய கடிதம் ரஷ்யாவில் அச்சேறமுடியாத நிலையிற் கைப்பிரதியாகப் பரவியது. 1849 ஏப்பிரில் 15ஆம் திகதி, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி, பெத்ரஷேவ்ஸ்கியின் இல்லத்தில் நடந்த கூட்டத்தில் தாஸ்தயேவ்ஸ்கி அக்கடிதத்தை உரத்து வாசித்தார். கேட்டவர்களுள் அந்தொனெல்லி என்ற அரசாங்க உளவாளியும் ஒருவன். எட்டு நாட்களில் தாஸ்தயேவ்ஸ்கி கைதானார். விதிக்கப்பட்டது மரணதண்டனை. டிசெம்பர் 22ஆம் திகதி கொலைக்களத்தில் நிறுத்தப்பட்ட பின்னரே அது நான்காண்டுக் கடூழியமாக மாற்றப்பட்ட செய்தி அறிவிக்கப்பட்டது. அவர்மீது சுமத்தப்பட்ட முதன்மையான குற்றம் ஒரு கடிதத்தை வாசித்தமை. பிற்காலத்தில் அவர் அரசியலில் எதிர்த்திசை நோக்கிச் சென்றார் என்பதை மறைப்பதற்கில்லை. அதனால் அந்த மாலை பொய்யாகிவிடாது. ரஷ்யாவில் 1861இல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்படுவதற்கு முன், அதனை எதிர்த்து எழுந்த குரல்களுள் அதுவும் ஒன்று.

ஒரு கடிதத்தைக் கேட்பவர்கள் ரத்தஸ்யாயெவின் அறையில் இருப்பவர்களாகலாம், நெக்ராசோவின் அறையில் இருப்பவர்களாகலாம், அந்தொனெல்லியாகவும் இருக்கலாம். சிரிப்பவனும் அழுபவனும் காட்டிக்கொடுப்பவனும் கேட்கும் சொற்கள் ஒன்றே. எமது காலத்தில் எல்லோரது குரலும் எல்லோரது செவிக்கும் எட்டுகின்றது. கூரையைத் தொடாத லயத்துச் சுவர் இன்று உலகெங்கும் எழுந்துவிட்டது எனலாம். ஆகவே எவ்வாறு எழுதுவது என்பதை மாத்திரம் மாணவருக்குக் கற்பித்தாற் போதாது. எவ்வாறு கேட்பது என்பதும் மொழிப் பாடத்தின் பகுதியாதல் வேண்டும். அதற்கு விதிமுறைப் பட்டியலைக் காட்டிலும் இத்தகைய நாவல் ஒன்று, வகுப்பிலே குரலெடுத்து வாசிக்கப்பட்டால், அதிகம் உதவும்.

நாவலின் இறுதியில், வறுமைக்கு வேறு வழி காணாத வர்வாரா பீக்கோவ் என்ற நிலவுடைமையாளனை மணந்து தொலைதூரப் புல்வெளிப் பிரதேசத்திற்குப் புறப்படுகின்றாள். திருமண ஆடையின் சரிகை, மடிப்புப் பற்றிய ஏவல்களைக்கூட அவள் தேவுஷ்கினிடமே ஒப்படைக்கின்றாள். அவரும் ஓடி ஓடிச் செய்கின்றார். அதன்பின் அவர் எழுதும் கடைசிக் கடிதத்திலே திகதி இல்லை. இனி யாருக்கு எழுதுவேன் எனக் கதறுகின்றார். தமது நடை இப்போதுதானே உருப்பெற்று வருகின்றது என்கின்றார். அச்சுநூலில் எஞ்சிய தாள்கள் விரலுக்குத் தெரிவதால் முடிவு முன்னரே தெரிந்துவிடும். ஒலிப்பதிவிலோ குரல் வந்துகொண்டே இருந்து நின்றுவிடுகின்றது. ஏப்பிரில் முதல் ஒவ்வொரு கடிதத்திற்கும் மறுகடிதம் கேட்டுப் பழகிய செவி, அடுத்த விளியை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றது. அது வருவதில்லை. அக்கடிதம் வர்வாராவுக்குக் கிடைத்ததாக நாவல் எங்கும் கூறவில்லை. கிடைத்தவர்கள் நாமே. கிடைத்த கடிதத்திற்குப் பதில் எழுதுவது கடமை என்று எமது முன்னோர் சொல்லி வைத்தனர். தேவுஷ்கினுக்குச் சேரவேண்டிய பதில் இன்னும் எழுதப்படவில்லை. எமது லயங்களிலிருந்தும், கடல்கடந்த வீடுகளின் சமையலறைகளிலிருந்தும் வரும் கடிதங்களுக்கும் அவ்வாறே.